சுமை என்பதன் பொருள்

அச்சகத்தில் எல்லாரும் அவனைக் கமா என்றே கூப்பிட்டார்கள். பக்கம் வடிவமைக்க வந்தவன், சபையை நடத்தும் மூப்பர் எழுதித் தரும் நீண்ட வாக்கியங்களில் மூச்சு விடக்கூட இடமில்லை என்று அங்கங்கே ஒரு காற்புள்ளி போட்டுவைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவள் போன பிறகு, யாராவது கமா என்றால் அவன் சற்றுத் தாமதித்தே திரும்பினான்.

அச்சகம் சபைக்குச் சொந்தம். பின்னால் வரிசையாக நிற்கும் வீடுகளும் சபைக்குச் சொந்தம். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கைக்கொள்ளும் சின்னச் சபை. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி பொழுது சாயும்வரை வேலை இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, சுமை எடுப்பது இல்லை, அழுகைகூட இல்லை. அவன் அதில் பிறந்தவன் அல்ல. காதலித்தான், கட்டிக்கொண்டான், உள்ளே வந்தான். அவன் வீட்டார் கதவைச் சாத்தியது சாத்தியதுதான்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் மேசையில் ஒரு சிறுநூலின் பிழை பார்க்கும் கடைசி மெய்ப்பு கிடந்தது. ஓய்வுநாள் குறித்த சொற்களுக்கு மூப்பர் பொருள் எழுதியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் குழம்பக் கூடாது அல்லவா. வேலை: ஒன்றை இருந்த நிலையிலிருந்து வேறு நிலைக்கு மாற்றுவது. அவசியம்: பொழுது சாயும்வரை பொறுக்க மாட்டாதது. ஆயத்தம்: நாளைய பாட்டை இன்றே பட்டுத் தீர்ப்பது. அந்தக் கடைசி வரி மூப்பருடையது அல்ல. வெள்ளிக்கிழமைகளில் சமையலும் துணி துவைப்புமாக வேர்த்து ஒழுகியபடி மனைவி ஒருமுறை சொன்னது. அவன் விளையாட்டாக உள்ளே சேர்த்தான். மூப்பர் சிரித்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

சுமை என்ற சொல்லில் மட்டும் யாரும் விளையாடவில்லை. தானாக நடக்க முடிந்ததைத் தூக்கிச் செல்வது சுமை. நடக்க முடியாததைத் தூக்கிச் செல்வது இரக்கம். சுமை கூடாது, இரக்கம் தடையில்லை. அதைத் தட்டச்சு செய்த அன்று, எவ்வளவு தெளிவான வரி என்று அவன் நினைத்தான். ஒரு காற்புள்ளிகூடத் தேவைப்படவில்லை.

இப்போது அந்த வரியில் அவன் விரல் நின்றது.

அவனுக்கு ஒரு மகள். வாண்டு என்ற பெயரை வாங்கித் தந்ததே அவள் கால்தான். பிடித்து நிறுத்த ஆள் வேண்டும், அப்படி ஓடுவாள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் தரையில் கால் ஊன்றவில்லை. இறக்கி விட்டால் அப்படியே உட்கார்ந்துகொள்கிறாள். டாக்டர் முட்டியைத் தட்டிப் பார்த்தார், பாதத்தில் கோடு போட்டுப் பார்த்தார். "காலுல ஒண்ணுமில்ல. தானா நடப்பா. வற்புறுத்தாதீங்க" என்றார். எப்போது என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

முதலில் அவன் தூக்கிக்கொண்டுதான் ஜெப வீட்டுக்குப் போனான். துக்க வீடு என்று எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். துக்கக் காலம் முடிந்தது. பார்வைகள் திரும்பின. நோய் இல்லாமல் ஆராதனையை விட்டு வீட்டில் தங்கவும் கூடாது. போன வாரம் மாமியார் அதை மூப்பரிடம் கொண்டுபோனாள்.

மாமியார் அதே வரிசையில் கடைசி வீட்டில் இருந்தாள். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"நான் கேக்கறது ரெண்டே கேள்வி, மாப்ள. என் பேத்தியால நடக்க முடியுமா, முடியாதா? முடியும்னா நடத்திக் கூட்டிட்டு வாங்க. முடியாதுன்னா, என் பெரிய மக ஊர்ல காலுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு, நான் கூட்டிட்டுப் போயி அங்கயே வச்சு வளக்கறேன். தாயில்லாத புள்ள, நடக்க முடியாத புள்ள, நீங்க ஒத்தை ஆம்பள. என்ன பண்ணுவீங்க?"

"டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொன்னாரு அத்தை."

"அப்ப நடக்கட்டும்."

அவள் கெட்டவள் அல்ல. ஒரே வருஷத்தில் பாதியாகிப்போனவள். மகளைப் பறிகொடுத்த கை எதையாவது இறுகப் பிடிக்கப் பார்த்தது. அது அவனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன ஆக?

நாளை ஆராதனை முடிந்ததும் மூப்பர் சபை முன்னால் கேட்பார். முடியும் என்றால் அவன் இத்தனை நாளும் சுமை தூக்கியவன். தெரிந்தே மீறுகிறவனுக்குச் சபையில் இடமில்லை, அச்சகத்தில் வேலை இல்லை, வரிசையில் வீடு இல்லை. முடியாது என்றால் குழந்தை போய்விடும். இதற்கு நடுவே அவன் மனைவியின் குரல் வேறு. ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது: "அவ இங்கயே வளரட்டும் கமா. சபைய விட்டுக் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

பைண்டர் அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். நூல் கட்டும் பிரிவுக்குத் தலைவர், ஊர் வம்புக்கும் அவர்தான் தலைவர். கையில் பசை காய்ந்து தோலாய் உரிந்துகொண்டிருந்தது.

"ஏம்பா கமா, ஒரு தள்ளுவண்டி வாங்கிடேன். சக்கரம்தானே சுமக்குது, நீயா சுமக்கற?"

"அதுவும் அதே பக்கத்துல இருக்குண்ணே. தள்ளுறதும் சுமைதான்."

"நாசமாப் போச்சு. நீயே அச்சடிச்சு நீயே மாட்டிக்கிட்ட." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். "போய் மூப்பரப் பாரு. அவரு எழுதினதுதானே. ஒரு வரி சேத்துக்கச் சொல்லு. பேனா அவரு கையில, மிஷின் நம்ம கையில."

அவன் மெய்ப்பை எடுத்துக்கொண்டு போனான்.

மூப்பர் தன் அறையில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் தானே துடைப்பார், யாரையும் விட மாட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"ஐயா, சுமைக்கு ஒரு வரி சேக்கணும்."

"என்ன வரி?"

அவன் வழியெல்லாம் அந்த வரியைத் தயார் செய்திருந்தான். வாயில் எடுத்தபோது அது கெஞ்சலாகத்தான் வந்தது. "நடக்க முடியும், ஆனா நடக்க மனசு வரல. அப்படிப்பட்ட புள்ளையத் தூக்கறது..."

"மனசு வரலைன்னு யார் சொல்றது?"

"நான்தான்."

"நாளைக்கு, வேலைய விட எனக்கு மனசு வரலைன்னு ஒருத்தன் வருவான். அவனுக்கும் ஒரு வரி போடணும். அப்புறம் இந்தப் புத்தகம் எதுக்கு?" அவர் குரல் உயரவில்லை. "உன்மேல எனக்கு வருத்தம் இல்லப்பா. ஒரே ஒரு சொல்லு சொல்லு. முடியாதுன்னு. நாளைக்கே தூக்கிட்டு வா, நானே கதவத் திறந்துவிடறேன். அது இரக்கம்."

"சொன்னா அத்தை கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"அது உங்க குடும்ப விஷயம்."

"ஐயா, ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா."

மூப்பர் துணியை மடித்து வைத்தார். சன்னலுக்கு வெளியே வெயில் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். அவருக்கும் ஆயத்தம் பாக்கி இருந்தது. "ஒரு சொல்லை ஆளுக்கு ஆளு வளைச்சா அது சொல்லே இல்ல" என்றார். "இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உன் தொழிலே அது."

அவன் மெய்ப்பைத் திருத்தம் இல்லாமல் அச்சுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனான்.

மாமியார் குழந்தையைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பாயில் உட்காரவைத்திருந்தாள். நாளைக்குச் சாப்பாடு பாத்திரத்தில் மூடி வைத்திருந்தாள். அடுக்களை விளக்கைப் போட்டிருந்தாள். அது நாளை பொழுது சாயும்வரை எரியும், அதுவரை யாரும் எந்தச் சுவிட்சையும் தொட மாட்டார்கள். தன் வீட்டுக்குப் போனாள். பேச வேண்டியதை அவள் பேசியாயிற்று.

பொழுது இன்னும் கொஞ்சம் இருந்தது. அவன் சட்டைகூடக் கழற்றவில்லை.

புதுச் செருப்பைக் காட்டினான். அழுத்தினால் கீச்சென்று கத்தும் செருப்பு. அவள் அதைக் கையில் மாட்டிக்கொண்டு கீச்சு கீச்சென்று அழுத்தினாள். பந்தை உருட்டினான். உட்கார்ந்த இடத்திலேயே எட்டிப் பிடித்தாள். சன்னலோரம் பூனை வந்திருக்கிறது என்றான்.

"தூக்கிக் காட்டுப்பா."

"நீயே வந்து பாரு. ஓடிப் போயிடும் பாரு, வா வா."

"போனா போவுது."

அவன் அவளைத் தூக்கி அறையின் நடுவே நிறுத்தினான். கையை விட்டால் மடிந்துவிடுவாள் என்று தெரியும். கையை விட்டான். மடிந்து உட்கார்ந்தாள். மறுபடி நிறுத்தினான். மறுபடி. அடுத்த முறை அக்குளை அழுத்திப் பிடித்த கை தன்னுடையதுபோல இல்லை. "நில்லுடி! நில்லுன்னு சொல்றேன்ல!" அது யார் குரல் என்று திகைத்தான். அவளை அங்கேயே விட்டுவிட்டுச் சுவர் வரை பின்னால் போய் நின்றான். வரமாட்டேன், நீ வா என்று சொன்னான்.

அவள் அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அடியில் தரை நனைந்தது.

அவன் போய்த் துடைத்தான். பாவாடையை மாற்றினான். நனைந்ததை அலசிப் போட நேரமிருக்கிறதா என்று வெளியே பார்த்தான். இல்லை. அப்படியே வாளியில் போட்டான். வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கியது. பாத்திரம், குழாய், மிதிவண்டி மணி, கடைசியில் யாரோ யாரையோ திட்டும் குரல். ஓய்வுநாள் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவன் அவளைத் தூக்கவில்லை. வாசற்படி வரை பாயோடு மெல்ல இழுத்துக்கொண்டு வந்தான். அதுவும் சுமையா என்று மூளையின் ஒரு மூலை கேட்டது. மூப்பர் இதற்குப் பொருள் எழுதவில்லை. படியில் அவளை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தான். ஜெப வீடு தெருக்கோடியில்தான். அங்கிருந்தே கதவு தெரிந்தது. வெள்ளை உடுத்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஓய்வுநாள் வாழ்த்துச் சொன்னார்கள். யாரும் நிற்கவில்லை. பைண்டர் அண்ணன் மட்டும் நடையைத் தளர்த்தி, "வாண்டு, ஓட்டப் பந்தயம் வரியா?" என்றார். அவள் தலையாட்டி மறுத்தாள். அவர் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தெரு காலியாயிற்று. பாட்டு ஆரம்பித்தது.

"நம்ம போவலியாப்பா?"

"நீ நடந்தா போலாம்."

அவள் யோசித்தாள். வெயில் அவள் முழங்கால்மேல் விழுந்தது. அவன் எதையும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் மிச்சமில்லை. அவளாகத்தான் பேசினாள்.

"அம்மா நடந்துதான் போனாங்க."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ஆட்டோ வரைக்கும் நடந்து போனாங்க. டாட்டா காட்டினாங்க. அப்புறம் தூக்கிட்டு வந்தாங்க."

அவனுக்கு எல்லாம் கண்முன் வந்தது. மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே, ஒண்ணுமில்ல, சாயங்காலம் வந்துடுவேன் என்று போனாள். இதே படியில் குழந்தை நின்றாள். இதே படிக்கு மறுநாள் ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தையை உள்ளே கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை.

"நான் நடக்க மாட்டேன்" என்றாள் அவள். ரகசியம் சொல்வதுபோல, அவனுக்கும் சேர்த்து எச்சரிக்கை செய்வதுபோல. பிறகு கேட்டாள்: "எனக்கு நடக்க முடியாதுன்னு அம்மம்மா சொல்றாங்க. முடியாதாப்பா?"

அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்ன சொன்னாலும் நம்புவாள். இன்று சபை முன்னால் அவன் முடியாது என்று சொன்னால், மூப்பருக்கு முன்னால், மாமியாருக்கு முன்னால், இந்தக் காதும் கேட்கும். அந்தச் சொல் அவள் காலில் இறங்கி அங்கேயே தங்கிவிடும்.

"முடியும்" என்றான். "உனக்கு நல்லா முடியும்."

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ஜெப வீட்டின் கதவை அவன் காலால்தான் தள்ளினான். பாட்டு முடிந்திருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. மாமியார் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். மூப்பர் புத்தகத்தை மூடினார். ஆராதனை முடியும்வரை பொறுத்திருக்கலாம், பொறுக்கவில்லை.

"நடக்க முடியாததனால தூக்கிட்டு வந்திருக்கியா?" அவர் கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தார். அதில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. வாங்கிக்கொள், என்றது.

"இல்லைங்கய்யா. நடக்க முடியும்."

"அப்ப இது?"

"சுமைதான்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். குழந்தை அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு எல்லாரையும் பார்த்தாள்.

"தெரிஞ்சேதான் தூக்கற?"

"தெரிஞ்சேதான். அவ நடக்கற வரைக்கும் தூக்குவேன். எல்லா நாளும் தூக்குவேன்."

பேசி முடித்ததும் அவனுக்குத் துணிச்சல் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. மனைவியின் சபை, மனைவியின் பாட்டு, அவள் உட்கார்ந்த இடம், எல்லாவற்றையும் ஒரே சொல்லில் வாரிப் போட்டாயிற்று. அவள் கேட்ட ஒன்றே ஒன்றை அவன் செய்யவில்லை. சட்டைப்பையில் வீட்டுச் சாவி இருந்தது. எடுத்து மூப்பரிடம் நீட்டினான்.

மூப்பர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு வாங்க முடியாது" என்றார். "இன்னைக்குக் கொடுக்கல் வாங்கல் இல்ல. பொழுது சாஞ்சதும் ஆள் அனுப்பறேன்."

பைண்டர் அண்ணன் பக்கத்திலிருந்து சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

ஆக, அன்று பொழுது சாயும்வரை அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது, பெட்டி கட்ட அவனாலும் முடியாது. கட்டலாம், இனி அவனுக்கு என்ன சட்டம்? ஆனால் கை வரவில்லை. கதவைத் திறந்து வைத்துப் பாயில் மல்லாந்து கிடந்தான். குழந்தை அவன் வயிற்றின்மேல் கிடந்தாள். எங்கே போவது என்று யோசித்தான். யோசனை வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. தெரிந்த ஊர் இல்லை, தெரிந்த கதவு இல்லை. இத்தனை வருஷம் கைக்கொண்ட ஓய்வுநாட்களில் ஒன்றிலும் அவன் இப்படி அசையாமல் கிடந்ததில்லை. இது ஓய்வா? தூக்குக் கயிறு வரத் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு மாமியார் வந்தாள். உள்ளே வந்து, நேற்று தானே மூடி வைத்த பாத்திரத்தைத் திறந்து, குழந்தைக்கு ஊட்டினாள். அவனுக்கும் தட்டில் போட்டு வைத்தாள். அவன் எழுந்து சாப்பிட்டான்.

"எங்க போவீங்க?"

"தெரியல அத்தை."

"தெரியாமலா அப்படிச் சொன்னீங்க?"

"அவ கேட்டுக்கிட்டிருந்தா."

மாமியார் குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "காலைல படியில அவ உங்ககிட்ட பேசினது எனக்குத் தெரியாது" என்றாள். "இப்பத்தான் சொல்றா. ஊட்டும்போது சொல்றா. அம்மா நடந்து போனாங்கன்னு." சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஓய்வுநாளில் அழக் கூடாது. அவள் தோள் மட்டும் குலுங்கியது. "அன்னைக்கு ஆட்டோ வேணாம், ஆம்புலன்ஸ் கூப்பிடலாம்னு சொன்னேன். என்னைக் கெழவி மாதிரி தூக்கிட்டுப் போவணுமா, நான் நடப்பேன்னு சொன்னா என் பொண்ணு."

குழந்தை அம்மம்மாவின் முகத்தை எட்டித் தொட்டாள்.

"அழறியா?"

"இல்லடி."

வெயில் சுவரில் ஏறியது. பிறகு சுவரை விட்டுப் போனது. தெருவில் கதவுகள் திறந்தன. அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டின் மூத்த பெண்மணி வாசல் விளக்கைப் போட்டால்தான் அந்த வீட்டுக்கு ஓய்வுநாள் முடிந்தது என்று கணக்கு. அதுவரை அந்தப் படியில் ஒருவரும் காரியம் பேச ஏற மாட்டார்கள். மனைவி போன பிறகு இந்த வீட்டுக்கு மாமியார்தான் வந்து போடுவாள். ஒரு நிமிஷம் முந்தாது, ஒரு நிமிஷம் பிந்தாது; அவளைப் பார்த்துத்தான் மற்ற வீட்டுக்காரர்கள் எழுவார்கள்.

அன்று அவளுக்கு முன்னாலேயே எதிர் வரிசையில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்தது. அடுத்தது. மாமியார் எழுந்தாள். சுவிட்சு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் பாயிலிருந்து அவள் முதுகைப் பார்த்தான். குழந்தையை இறுக அணைத்துக்கொண்டான். அவ்வளவுதான், வந்துவிட்டது.

அவள் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையை உயர்த்தவில்லை. கதவுநிலையில் சாய்ந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பைண்டர் அண்ணன் வந்தார். அவரைத்தான் சாவி வாங்க அனுப்பியிருந்தார்கள். படிக்குக் கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்த்தார். வாசல் விளக்கு எரியவில்லை. அடுக்களையிலிருந்து நேற்றைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது.

"என்னம்மா, தெரு முழுக்கப் பொழுது சாஞ்சாச்சு."

"இங்க இன்னும் சாயல."

"மூப்பர் கேட்டா?"

"சாயலன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

அவர் கீழே நின்றபடி காதைச் சொறிந்தார். வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு துளி வெளுப்பும் இல்லை. "ஆமாம்மா," என்றார், "உங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் வெளிச்சமாத்தான் இருக்கு." திரும்பி நடந்தார்.

மாமியார் கதவருகே தரையில் உட்கார்ந்தாள். நாளைக்கு என்ன என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பேத்தியை விட்டுவிட்டதாகவும் சொல்லவில்லை. சுவிட்சுக்கும் அவனுக்கும் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மம்மா, இருட்டா இருக்கு."

"இருக்கட்டும்டி. உங்கப்பனப் புடிச்சுக்கோ."